பயன்படா விசா: சித்தியவான் வட்டார வழக்காறு குறித்து ஒரு முன்னாய்வு

இந்தியாவுக்கு விசா எடுத்து, போகாமல் இருந்து, அது செத்தபின் மறுபடி எடுக்கும் வழக்கம் மலேசியாவின் சித்தியவான், ஆயர் தாவார் பகுதிகளில் வேரூன்றியுள்ளது (பெரியம்மா, வாய்மொழி, வாசற்படி). 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய நாடு இது. எனினும் இப்பொருளை எவரும் சீண்டவில்லை. மாநாட்டுப் பேராளர்கள் விசாவை வீணாக்குவதில்லை, கட்டுரையைத்தான்.

பயன்படா விசா மூவகைப்படும்: காசில்லாமல் கழிந்தது, லீவில்லாமல் கழிந்தது, காரணமில்லாமல் கழிந்தது. முன்னிரண்டும் ஆய்வுக்குரியன அல்ல.

மூன்றாவதற்கு நிலவியலே காரணம் என்பர் ஒரு சாரார். சித்தியவானில் விமானத்தளம் உண்டு. திருச்சிக்கு விமானம் இல்லை. கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் காடியில் உட்கார வேண்டும். பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கிய தலைமுறைக்கு இது ஒரு தூரமா என்று மறுப்போரும் உளர். 1985இல், ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததோடு மறுப்போரின் சான்றும் கரிந்தது.

கட்டணமே காரணம் என்ற கொள்கை 2024 ஜூலையில் விழுந்தது. மலேசியருக்கு 30 நாள் மின்சுற்றுலா விசாவை ஓராண்டுக்கு இந்தியா இலவசமாக்கியது. ஓசி விசாவும் கழியவே செய்தது (மேலது, அதே பெரியம்மா மறுநாள் பசியாறும்போது மறுத்துரைத்ததையும் ஒப்புநோக்குக).

இதில் ஒரு துணைவகை தனிக் கவனத்துக்குரியது. 30 நாள் விசாவில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதி, உள்ளே நுழைவதற்கான கடைசித் தேதி. தங்கும் நாள் இந்தியாவில் கால் வைத்ததிலிருந்துதான் ஓடும். அச்சிட்ட தேதிக்குள் திரும்பியாக வேண்டுமென்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர். இவர்களுடைய விசா சாகவில்லை, உயிரோடு புதைக்கப்பட்டது.

பெருஞ்சிக்கல் மறு விண்ணப்பத்தில் எழுகிறது. 'முன்பு இந்தியா சென்றதுண்டா?' என்கிறது படிவம். ஆம் என்றால் தங்கிய முகவரி, பார்த்த ஊர்கள், பழைய விசா எண் அனைத்தும் கேட்கும். இல்லை என்றால் வாய் மூடிக்கொள்ளும். விசா எடுத்தும் போகாதவருக்குக் கட்டமே இல்லை! ஆம்வாதிகள் கூறுவது: பெட்டி கட்டியாயிற்று, மைலோவும் கோடாலித் தைலமும் வாங்கியாயிற்று, குலதெய்வத்துக்குச் சொல்லியாயிற்று, பயணத்தில் மிஞ்சியது பயணம் மட்டுமே. இல்லைவாதிகள் பொருட்சான்றை முன்வைக்கின்றனர்: தைலம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. போத்தலின் காலாவதித் தேதி விசாவினதைவிடப் பிந்தியது என்பதும் இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. தைலம் பாதிதான் இருக்கிறதே என்ற ஐயத்துக்கு மூட்டுவலியே விடை (பெரியம்மா, திருத்திய பதிப்பு, கல்யாணப் பந்தி, பெரியப்பாவின் குறுக்கீடுகள் நீக்கப்பட்டன).

இறுதியாக, இந்தியாவில் தெரிந்தவர் பெயரையும் படிவம் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் துறையூர் மாமாவே எழுதப்படுகிறார்; ஒவ்வொரு முறையும் அவர் கோழி பிடித்துக் கட்டி வைக்கிறார். அவர்தாம் இங்கு வரலாமே எனில், 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் தங்க இந்தியரிடம் மலேசியா விசா கேட்பதில்லை. ஆகவே காலாவதியாக அவரிடம் ஒன்றுமில்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதாலேயே அவர் வருவதில்லை என்பது துணிபு (பெரியம்மா, தொலைபேசி, ஒலிபெருக்கியில், மாமா மறுமுனையில் இருக்கும்போதே).