குடத்தின் ஒடுக்கும் தோட்டாவின் உப்பலும்

பித்தளை இருவகைப்படும்: உருமாறாதது, உருமாறியது. முன்னது கடையில் இருக்கும். பின்னது வீட்டில் இருக்கும். இவ்வாராய்ச்சி பின்னதைப் பற்றியது.

உருமாறிய பித்தளையைப் பழைய அளவுக்கு மீட்கும் கலை மேனாட்டுத் துப்பாக்கிக்காரரிடம் நன்கு வளர்ந்துள்ளது. சுட்ட தோட்டாவின் கூட்டை அவர்கள் எறிவதில்லை. வீட்டு மேசையிலேயே அச்சிலிட்டு நெருக்கி மறுமுறைக்கு ஆயத்தம் செய்வர். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்ய இடந்தருவதில்லை. ஆதலின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இக்கலைக்கு எஞ்சிய பொருள் குடம். இது குறையன்று. தோட்டாக்கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. வாய், கழுத்து, தோள், உடல், அடி என ஐந்து உறுப்புடையது. குடத்திற்கும் அவ்வைந்தே. வேறுபாடு, நிரப்பப்படும் பொருளில் மட்டுமே.

கெடும் முறை இரண்டு. தோட்டா உள்ளிருந்து கெடும். குடம் வெளியிலிருந்து கெடும். சுடும் கணத்தில் கூடு உப்பித் துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாமல் அடைக்கிறது. அடுத்த கணம் மயிரிழை சுருங்குகிறது. அதனால்தான் வெளியே எடுக்க வருகிறது. எனினும் பழைய அளவை அடைவதில்லை. ஆகவே அதனை வெளியிலிருந்து நெருக்குவர். குடத்தின் ஒடுக்கையோ உள்ளிருந்து தள்ளி எடுக்க வேண்டும். நோய் எதிரெதிர், ஆதலின் மருந்தும் எதிரெதிர்.

இடத்தால் ஒடுக்கு மூன்று. அடியொடுக்கு உள்நோக்கியதாயின் நன்மையே. குடம் ஆடாமல் நிற்கும். வயிற்றொடுக்கு கொள்ளளவைக் குறைக்கும், மதிப்பைக் குறைக்காது. வாயொடுக்கு மட்டுமே பொறுக்கத் தகாதது. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வாங்கினாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் வாங்கினாலும், கோணிய வாயில் வைத்த தேங்காய் சாயும். நிறைகுடத்தின் தேங்காய் சாய்ந்து நின்ற மண்டபத்தில், வந்த சுற்றத்தார் முதலில் காண்பது மணமகளை அன்று.

திருத்தலுக்கு எல்லை உண்டு. பித்தளை தட்டத் தட்ட இறுகும், இறுகியது கீறும். ஆதலால் துப்பாக்கிக்காரர் கூட்டின் கழுத்தை மட்டும் காய்ச்சி இளக்குவர். அடியில் சூடு ஏற விடார், அடி இளகினால் அழுத்தம் தாங்காது. குடத்தையும் காய்ச்சி இளக்கலாம். ஆனால் வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகுமாதலின், உள்ளே பூசிய ஈயம் முதலில் வழிந்துவிடும். மீண்டும் பூச வேண்டும். 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால் எழுந்த கோலாலம்பூரில் இது இயல்பாக நினைவுக்கு வர வேண்டிய செய்தி.

சேமித்தலும் நூலில் அடங்கும். பிரித்தானிய இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களை அடுத்து வைத்த தோட்டாக்கூடுகள் தொடுவாரின்றித் தாமே கீறின. உள்ளே தங்கிய இறுக்கமும் லாயத்து அம்மோனியாவும் கூடியதே காரணம் என 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் விளக்கினர். அடுக்குமாடி வீடுகளில் லாயம் இல்லை. ஆனால் அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் உண்டு. தட்டி நிமிர்த்திய குடத்தை அதனருகே வைத்தல் ஆகாது.

இனி நூலின் நடுநாயகம். துப்பாக்கிக்காரர் திருத்தலை இரண்டாகப் பிரிப்பர்: முழுவுடல் திருத்தல், கழுத்துத் திருத்தல். வேறு துப்பாக்கிக்குப் போகும் கூட்டுக்கு முன்னது. அதே துப்பாக்கிக்குத் திரும்பும் கூட்டுக்குப் பின்னது போதும். ஒருமுறை சுட்டதால் அது அவ்வறையின் அளவை ஏற்றுக்கொண்டுவிட்டது. குடத்திற்கு அறை, இடுப்பு. பல்லாண்டு சுமந்த குடத்தின் வயிற்றில் ஒருபக்கம் விழும் தட்டை, ஒடுக்கன்று, பொருத்தம். அது பாட்டியின் இடுப்பளவு. குடம் மருமகளுக்குப் போகுமாயின் முழுவுடல் திருத்தல் வேண்டும் என்பது ஒரு கட்சி. மருமகள் குழாயைத் திறந்து நீர் பிடிப்பவள். அவள் இடுப்புக்குக் குடம் ஏறுவதில்லை. ஆதலின் வேண்டா என்பது மறுகட்சி.

இவ்வழக்கைத் தைப்பூசம் தீர்க்கிறது. பத்துமலையின் 272 படிகளில் பால்குடம் ஏறுவது இடுப்பில் அன்று, தலையில். தலைக்கு அடி வேண்டும், பாலுக்கு வாய் வேண்டும். வயிற்றின் தட்டை இரண்டிற்கும் தடையன்று. ஆகவே வாயை வட்டமாக்கி, கழுத்தை நிமிர்த்தி, வயிற்றைத் தொடாமல் விடுவதே முறை. பாட்டியின் அளவு வேறெங்கும் எழுதிவைக்கப்படவில்லை.