ஹுன்னஸ்கிரியவில் காசில்லாமல் வாங்குவது எப்படி?

தம்பி,

பாவித்த பொருள் வாங்குகிறேன் என்று சொல்லி, ஒரு சதமும் கொடுக்காமல் கொண்டுபோகிற தொழிலில் நீ புதிதாக இறங்கியிருக்கிறாய் என்று கேள்வி. கொழும்பிலும் கம்பஹாவிலும் போட்டி கூடிவிட்டது. அங்கே பொருள் விற்கிற பொடியன்கள் உன்னையே விற்றுவிடுவார்கள். அதனால் மலைப்பக்கம், ஹுன்னஸ்கிரியவில் கண் வைத்திருக்கிறாய். இடம் மோசமில்லை. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில், பதினெட்டு வளைவுக்கு முன்னால், மீமுரேப் பக்கம் பாதை பிரிகிற ஊர். தேயிலை, மிளகு, ஏலம். லயத்திலும் கிராமத்திலும் வீட்டுக்கு வீடு போன். யாராவது ஒருவர் எப்போதும் எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்: பிரிட்ஜ், தையல் மெஷின், மகன் வெளிநாடு போனதால் சும்மா நிற்கும் மோட்டார் சைக்கிள். இக்மனில் போடுவார்கள், பேஸ்புக்கில் போடுவார்கள், உனக்கும் கண்ணில் படும். ஆனால் உனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கைநூல்.

முதல் புத்தி: நேரில் வராதே. இது ஒளிந்திருக்கத் தோதான பக்கம் இல்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பக்கத்து மெதமஹநுவரவில் ஒளிந்திருந்துதான் 1815 பெப்ரவரியில் பிடிபட்டான். காடும் மலையும் தெரிந்த அரசனுக்கே அந்தக் கதி. அவனை வேலூருக்கு அனுப்பினார்கள். உன்னைத் தெல்தெனிய நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். கூட்டமாக வந்து பெரிய இடமாகப் பார்த்துத் தங்கலாம் என்று நினைத்தால் அதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஒக்டோபரில் இதே கண்டிப் பக்கம், குண்டசாலையில், ஒரு சொகுசு ஹோட்டலைப் பொலிஸார் சுற்றிவளைத்து, இணைய நிதி மோசடிச் சந்தேகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்களைக் கைது செய்தார்கள். ஆகவே நீ எங்கேயோ இரு, போனில் மட்டும் பேசு. பொருளை எடுக்க ஒரு ஓட்டோக்காரரையோ கொரியரையோ அனுப்பு. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசக்கும். இந்த ஊரார் ஏமாளிகள் இல்லை. மிளகு வியாபாரி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். இரண்டைப் பல்லில் வைத்துக் கடித்து ஈரம் பார்ப்பார். விற்கிறவர் கண் தராசு முள்ளைவிட்டு அசையாது. ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பார். கொடுத்தவர் கோயில் ஐயராக இருந்தாலும் முகத்துக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி தேடுவார்கள். கொடுத்தவரும் கோபிக்க மாட்டார், அவரும் அப்படித்தானே செய்கிறார்.

அப்படியானால் உனக்குப் பிழைப்பு எங்கே? போனில். தாளை வெளிச்சத்தில் பிடிக்கிற அதே அக்கா, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் சிலிப் படத்தைப் பார்த்து, "சரி தம்பி" என்பார். கணக்கைத் திறந்து பார்க்க அவருக்குக் கூச்சம். "நம்பிக்கை இல்லையா அக்கா?" என்று நீ குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டுவிட்டால் போதும், அவரே மன்னிப்புக் கேட்பார். உன் மூலதனம் அந்தக் கூச்சம்தான். செயலி, கணினி, போலிச் சிம் எல்லாம் அதற்குப் பிறகு வருகிற சாமான்கள். நம் ஆட்கள் தாளை எண்ணுவதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை, திரையைச் சரிபார்ப்பதை மட்டும் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. உனக்கு விளங்க வேண்டிய தேவையும் இல்லை.

இனித் தொழிலுக்கு வருவோம். தயவுசெய்து பேரம் பேசு. உங்கள் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டுவது இங்கேதான். பிரிட்ஜ் அறுபத்தையாயிரம் என்று போட்டிருந்தால், "சரி, எடுக்கிறேன், அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்க" என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறீர்கள். ஒரு கட்டுக் கீரையைக்கூடக் குறைத்துக் கேட்காமல் வாங்குகிறவரை ஒரு மாதிரியாகப் பார்க்கும் ஊர் இது. எத்தனை வருஷம் பாவித்தது, கேஸ் அடித்ததா, கதவு ரப்பர் பிடிக்கிறதா, ஏன் விற்கிறீர்கள் என்பதெல்லாம் காசு கொடுக்கப்போகிறவனின் கவலைகள். உனக்கு அவை இல்லை என்பது முதல் பேச்சிலேயே கேட்டுவிடும். ஆகவே ஒரு இரண்டாயிரமாவது குறைக்கச் சொல்லிக் கெஞ்சு. கொடுக்காத காசில் இரண்டாயிரம் மிச்சம் பிடிப்பது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரிக்காதே.

"நான் ஆமியில் இருக்கிறேன், முகாமைவிட்டு வர முடியாது" என்ற பழைய வசனத்தை விட்டுவிடு. அடையாள அட்டைப் படத்தை நீயே வலிந்து அனுப்புவதையும் நிறுத்து. கேட்காமலே அடையாள அட்டை காட்டுகிறவன் பஸ்ஸில் டிக்கட் பரிசோதகரைக் கண்டவன் மாதிரி இருக்கிறான். அதிலும் அந்த அட்டை நீ போன மாதம் ஏமாற்றிய மனிதருடையது.

சிலிப் விஷயத்தில் பலர் எழுத்துப்பிழைக்காகவே கவலைப்படுகிறார்கள். தேவையில்லை. சிலிப்பில் பிழை தேடுகிறவர் உன் நண்பர், பிழையில்லாத சிலிப் வந்தால் நம்பிவிடுவார். சிலிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் தன் கணக்கு மிச்சத்தைப் பார்க்கிறவர்தான் உனக்கு எமன். உண்மையான சிலிப்பையே வைத்தும் விளையாடலாம்: நாளைய திகதிக்குப் பணமாற்றத்தைப் போட்டுவைத்து, அந்தப் படத்தை அனுப்பி, பொருள் கைக்கு வந்ததும் ரத்துச் செய்துவிடுகிறார்கள். படம் பொய் இல்லை, காசுதான் இல்லை.

காசு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வாய்? "இன்று போயா, வங்கி மூடியிருக்கிறது, நாளைக்கு விழும்." அழகான பதில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேலை செய்யும். ஆனால் 2015இலிருந்து நாட்டில் செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பணமாற்று முறை இருக்கிறது. போயா, ஞாயிறு, நடுச்சாமம் எதுவும் அதற்குத் தெரியாது, காசு சில நொடியில் அடுத்த வங்கிக்குப் போய்விடும். தொகுதியாகச் சேர்த்து அனுப்பும் பழைய ஸ்லிப்ஸ் முறையில் அனுப்பினேன் என்று சமாளிக்கலாம்தான். ஆனால் விற்கிறவர் "அப்ப விழுந்ததும் வந்து எடுங்க தம்பி" என்றால் வாய் அடைத்துப்போகும். "சிக்னல் இல்லாததால் உங்களுக்கு மெசேஜ் வரவில்லை" என்பது வேறெங்கும் எடுபடாது. மீமுரேப் பாதையில் எடுபடும், அங்கே உண்மையிலேயே சிக்னல் ஒளிந்துவிளையாடும்.

வங்கியிலிருந்து வருவதுபோல நீயே ஒரு மெசேஜ் அடித்து அனுப்புவது பால்குடி மறக்காத பிள்ளைகளின் வேலை. சாதாரண போன் நம்பரிலிருந்து வந்தால் பள்ளிக்கூடப் பையனே பிடித்துவிடுவான். வங்கிப் பெயரிலேயே வரவைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அது பழைய வங்கி மெசேஜ்களோடு வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உனக்கு இன்னொரு வசதி, அந்த மெசேஜ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். லயத்து ஆச்சி அதைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். பேரன் தொகையை மட்டும் வாசிப்பான்.

"காசு உங்கள் கணக்கில் ஏற ஓடிபி நம்பர் வேண்டும்", "இந்த லிங்க்கில் கார்ட் விபரம் போடுங்க, கொரியர் கம்பனி காசைப் போடும்", "இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, காசு வரும்" போன்றவற்றை இங்கே முயலாதே என்று சொல்ல மாட்டேன். நடக்கிறது. ஆனால் கண்டி டவுனில் லங்காகியூஆர் அட்டை ஒட்டிய ஒரு கடைக்குப் போய் நின்று பார். காசு வாங்குகிற கடைக்காரர் சும்மா நிற்கிறார், ஸ்கேன் பண்ணுவது காசு கொடுக்கிறவர். வாங்குகிறவரிடம் யாரும் இரகசிய இலக்கம் கேட்பதில்லை. கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை, அவ்வளவுதான். இதை ஒரு தடவை கவனித்துவிட்டவரிடம் உன் லிங்க் செல்லாது.

மோட்டார் சைக்கிள், ஓட்டோ என்றால் காசோலைதான் உங்கள் ஆட்களுக்குப் பிடித்த வழி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் பழைய வாகனத்துக்கெல்லாம் பொன் விலை, அதனால் தொகையும் பெரிதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் காசோலையை விற்கிறவரின் கணக்கில் வைப்பிலிட்டு, சீல் குத்திய சிலிப்பைக் காட்டு. சிலிப் உண்மை, சீல் உண்மை, தொகையும் உண்மை. காசோலை திங்கட்கிழமைக்கு முன்னால் தீராது. அதற்குள் ஓட்டோ மஹியங்கனை தாண்டியிருக்கும். வாங்குகிறவர் பெயர் நிரப்பாத ஓபன் பேப்பரில் கையொப்பமும் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது, அடுத்த ஆளுக்கு நீயே விற்கலாம். ஒரே தொல்லை, வங்கிக் கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம் "இது காசா, செக்கா? எடுக்கலாமா?" என்று யாராவது நாலு சொல்லில் கேட்டுவிட்டால் மொத்தமும் போச்சு.

"தெரியாமல் இருபத்தேழாயிரம் கூடப் போட்டுவிட்டேன், அதை மட்டும் திருப்பி அனுப்புங்க" என்பது சின்ன விளையாட்டு. வந்திராத காசிலிருந்து மிச்சம் கேட்பது. நாணயஸ்தர்களிடம்தான் செல்லும், கஞ்சர்களிடம் போகாதே.

பெரிய விளையாட்டு ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். இதில் காசு உண்மையாகவே வரும். ஹுன்னஸ்கிரியவில் ஒருவர் நல்ல போன் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். நீ அவரிடம் படம், கணக்கு இலக்கம் எல்லாம் வாங்குகிறாய். அதே படத்தை உன் பெயரில் கொஞ்சம் குறைந்த விலைக்குப் போடுகிறாய். குருநாகலில் ஒரு பொடியன் ஆசைப்படுகிறான். "காசை இந்த அக்கவுண்டுக்குப் போடு" என்று ஹுன்னஸ்கிரியக்காரரின் இலக்கத்தைக் கொடுக்கிறாய். அவன் போடுகிறான். இவர் கணக்கைப் பார்க்கிறார், செயலியிலும் பார்க்கிறார், ஏடிஎம்மிலும் பார்க்கிறார். காசு இருக்கிறது! நீ அனுப்பிய ஓட்டோக்காரரிடம் போனைக் கொடுக்கிறார். குருநாகல் பொடியனுக்கு ஒன்றும் வரவில்லை. அவன் பொலிஸுக்குப் போகிறான். அவன் கையில் இருப்பது ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு கணக்கு, இரண்டும் ஹுன்னஸ்கிரியக்காரருடையது. நீ கதையிலேயே இல்லை. விற்ற மனிதர் கள்ளனாகி, கணக்கு முடங்கி, பொலிஸில் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருப்பார். உங்கள் தொழிலில் மிகக் கேவலமானது இதுதான் என்பது என் அபிப்பிராயம். பொருளோடு நிற்காமல் மனிதரின் பெயரையும் கொண்டுபோகிறது. காசைப் பார்த்துவிட்டுப் பொருள் கொடு என்ற ஒற்றைப் புத்தியோடு இருப்பவர்கள் இதில் விழுவார்கள். விழாதவர் யார் தெரியுமா? காசு வந்த பிறகும், "போட்டவர் பெயர் வேறயா இருக்கே, அவரையே பேசச் சொல்லுங்க, அவர் வந்து எடுக்கட்டும்" என்று சொல்லும் சந்தேகப்பிராணி. அப்படிப்பட்டவரோடு அன்பாகப் பேசி விலகிவிடு.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஏமாற்றிப் பொருளைக் கையளிக்கச் செய்வதற்கு 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 403ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை இருக்கிறது. கைப்போன் வருவதற்கு முன்பே உன்னை நினைத்து எழுதிவைத்திருக்கிறார்கள். கணினி வழியில் செய்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் சேரலாம். விற்கிறவர் வெட்கப்பட்டு வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தால் உனக்குக் கால அவகாசம் கிடைக்கும். உடனே தன் வங்கியைக் கூப்பிட்டு, பொலிஸில் முறைப்பாடு செய்து, இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை செர்ட்டின் 101க்கும் அடித்தாரானால் கிடைக்காது. வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935 வேறு இருக்கிறது. நல்லவேளை, அந்த நம்பர்களைப் பலர் போனில் பதிந்துவைப்பதில்லை.

மிச்சமிருப்பது ஒரு ஆபத்துத்தான். பேச்செல்லாம் முடிந்து, சிலிப்பும் அனுப்பி, ஓட்டோவும் புறப்பட்ட பிறகு, அந்த அக்கா கோபமில்லாமல் சொல்வார்: "தம்பி, காசு வந்த மாதிரிக் காணல்ல. பரவாயில்ல, நாளைக்குப் பத்து மணிக்கு நான் தெல்தெனிய பேங்குக்கு வாறேன், பிரிட்ஜையும் லொறியில ஏத்திட்டு வாறேன். நீங்களும் வாங்க, கவுண்டர்லயே காசக் குடுங்க, அங்கயே எடுத்துட்டுப் போங்க. தேத்தண்ணியும் வாங்கித் தாறேன்."

இதற்கு இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. நம்பரை பிளொக் பண்ணிவிட்டு அடுத்த விளம்பரத்தைப் பார். ஓட்டோக்காரருக்குப் போன கூலியைக் கொடுத்துவிடு. அதையாவது காசாகக் கொடு.