சம்கி அக்கா

"எனக்கும் அரை டம்ளர் குடுங்களேன்" என்று கேட்டது என் தப்புதான்.

அடுப்பில் பெரிய அடுக்குப் பாத்திரம். அதில் கறுகறுவென்று டீ கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே நியூ ஜெர்சியின் ஜனவரி. யாருக்குத்தான் நாக்கு ஊறாது?

"அண்ணா, அது குடிக்கிற டீ இல்ல. பாப்பாவோட காலு ஊறுது" என்றார் சம்கி அக்கா, கரண்டியால் எதையோ உள்ளே அமுக்கிக்கொண்டே.

எட்டிப் பார்த்தேன். ஒரு ஜோடிக் கால்கள் மிதந்தன. நைலான் கால்கள்.

ஃபிகர் ஸ்கேட்டிங் உடுப்புக் கடைகளில் 'தோல் நிறம்' என்று போட்டு விற்கிற டைட்ஸ் பெரும்பாலும் யாரோ வெள்ளைக்காரரின் தோல் நிறம். நம் வீட்டுப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ஐஸில் நின்றால் இரண்டு காலுக்கும் மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கும். ஆகவே டீ. நைலான் டீயின் கறையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வெளியே எடுத்து, பாப்பாவின் முன்னங்கையில் வைத்துப் பார்த்து, "இன்னும் ஒரு கொதி" என்பார் அக்கா. பாப்பாவுக்கு வயசு பதினொன்று. ஒரு கையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் வீட்டுக் கணக்கு போட்டுக்கொண்டிருப்பாள்.

முதுகிலும் கைகளிலும் வருகிற வலைத்துணிக்கும் இதே டீ வைத்தியம். டிவியில் பார்ப்பவர்கள் திறந்த முதுகு என்று நினைப்பது பெரும்பாலும் திறந்த முதுகே இல்லை. தோல் நிறத்தில் சாயமேற்றிய வலை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா ஒலிம்பிக் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஜலதோஷம் பிடிக்காதாடா?" என்று மூன்று நாள் கவலைப்பட்டார். எல்லாம் மூடித்தான் இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

சம்கி அக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் ரிங்க்கில் அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். மரியாதையில் பாதி, பயத்தில் பாதி. மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. மாத்திரையில் மில்லிகிராம் பிசகினால் பிடித்துவிடுகிற கண், மாலையில் உடுப்பின் இடது தோளையும் வலது தோளையும் ஒப்பிட்டு அலங்காரக் கல் எண்ணும். எந்த ஊர் ரிங்க்குக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் இருப்பார். மொழியும் நிறமும் மாறும், கையில் பசை டியூப் மட்டும் மாறாது. எங்களுக்கு வாய்த்தவர் தமிழ் பேசுகிறவர். அது கொடுப்பினை.

எனக்குப் பையன். கறுப்பு பேன்ட், நீலச் சட்டை, தீர்ந்தது கதை. ஆண்கள் முழு நீளக் கால்சட்டை போட வேண்டும் என்பதுதான் நெடுநாள் வழக்கமும் விதியும். "பாவம்ணா நீங்க" என்று அக்கா என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். பெண்ணைப் பெறாதவனுக்கு இரங்குவது போல இருக்கும்.

வெளியாருக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஸ்கேட்டிங்கில் பரீட்சை வேறு, போட்டி வேறு. பரீட்சை என்பது ப்ரீ-ப்ரிலிமினரியில் தொடங்கி எட்டுப் படி. கூட்டம் இருக்காது. காலங்கார்த்தாலே ரிங்க் ஓரத்தில் நடுவர்கள் மடியில் கம்பளி, கையில் காப்பி, பேனா என்று உட்கார்ந்திருப்பார்கள். பிளேடின் உள் விளிம்பில் போகிறாளா, வெளி விளிம்பில் போகிறாளா, வளைவு வளைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவில் பாஸ், இல்லாவிட்டால் 'ரீட்ரை'. ஃபெயில் என்ற சொல்லைக் காகிதத்தில் எழுத மாட்டார்கள். அந்த நாசூக்கினால் அழுகை ஒன்றும் குறைவதில்லை.

பரீட்சைக்குப் போடும் உடுப்பு எப்படி இருக்க வேண்டும்? நம்மூர்ப் பொதுத்தேர்வு ஹாலுக்குப் போகிற மாதிரி. ஒற்றை நிறம், நல்ல தையல், இறுக்கிக் கட்டிய கொண்டை. "நடுவர் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் காலின் விளிம்பு ஞாபகம் இருக்க வேண்டும், உடுப்பு ஞாபகம் இருக்கக் கூடாது" என்பது எங்கள் கோச்சின் கட்சி. கல்லே வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை. "கொஞ்சம் போதும்" என்றார். அங்கேதான் சறுக்கிவிட்டார். அக்காவின் அகராதியில் கொஞ்சம் என்றால் இருநூற்றுப் பதினாறு.

கடைசியில் மெரூன் நிற வெல்வெட் ஒன்று, வெறுமையாக, முடிவாயிற்று. பரீட்சையன்று காலை அக்கா முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூளிக் கழுத்தோடு பெண்ணைக் கல்யாணத்துக்கு அனுப்பிய தாயின் முகம். "காலருக்கு உள்பக்கமா நாலே நாலு ஒட்டியிருக்கேன். வெளிய தெரியாது. திருஷ்டிக்கு" என்று என் காதில் சொன்னார்.

ரீட்ரை வந்தது.

இடது காலின் உள் விளிம்பு தட்டையாகிவிட்டது என்று கோச் விளக்கினார், படம் போட்டுக் காட்டினார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நாலு பத்தல" என்றார். அடுத்த முறை அதே உடுப்பில் பாப்பா பாஸ். அது முதல் மெரூன் வெல்வெட் ராசி உடுப்பாகிவிட்டது. இரண்டு வருஷம் போயிற்று. பாப்பா வளர்ந்தாள், வெல்வெட் வளரவில்லை. மணிக்கட்டில் இருந்த கை முழங்கைக்கு அருகே வந்து நிற்கிறது. "முக்கால் கைதான் இப்ப ஃபேஷன்" என்கிறார்.

போட்டி என்று வந்துவிட்டால் அக்காவைப் பிடிக்க முடியாது. அவருக்குச் சரித்திரமும் கைவசம். எதிர் வீட்டுக் கதை சொல்வது போலச் சொல்வார்.

"1902ல மேட்ஜ் சயர்ஸ்னு ஒரு பொண்ணு, உலகப் போட்டில ஆம்பளைங்களோட மோதி ரெண்டாவது வந்துட்டா. முதல்ல வந்தது யாரு? சால்க்கவ். பாப்பா தாவுறாளே அந்த சால்க்கவ், அவர் பேருதான். உடனே என்ன பண்ணானுங்க? அடுத்த வருஷமே பொம்பளைங்க கூடாதுன்னுட்டானுங்க. அதுக்குச் சொன்ன காரணத்துல ஒண்ணு, பாவாடை தரை வரைக்கும் தொங்குது, கால் தெரியலையாம்! அப்புறம் 1906ல தனியா ஒரு போட்டி வெச்சாங்க. அதையும் அவளே ஜெயிச்சா."

அடுத்து சோன்யா ஹெனி. 1924ல் ஷாமோனி ஒலிம்பிக்குக்கு வந்தபோது வயசு பதினொன்று. குழந்தை என்பதால் முட்டி வரைக்கும் பாவாடை. எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தாள். ஆனால் பாவாடை குட்டையானதால் காலுக்கு வழி பிறந்தது. அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். "நம்ம பாப்பா வயசுதான்" என்று இந்த இடத்தில் அக்கா தவறாமல் நிறுத்துவார்.

அவருடைய பிரிய கதாநாயகி காத்தரீனா விட். 1988, கால்கரி ஒலிம்பிக். குறும் நிகழ்ச்சிக்கு நீலத்தில் இறகு வைத்து, பாவாடை இருந்தும் இல்லாத மாதிரி ஒரு உடுப்பு. அதன் பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தார் கூடி, பெண்களின் பாவாடை இடுப்பையும் பின்பக்கத்தையும் மூட வேண்டும் என்று விதி போட்டார்கள். அந்தக் கட்டாயம் 2004ல்தான் போனது. பெண்கள் பேன்ட்டும் போடலாம் என்றானது. "ஒரு பாவாடைக்காகப் பதினாறு வருஷம் சட்டம்ணா! நம்ம ஊர்ல அணை கட்டிடுவாங்க" என்பார். கட்டுவோமா என்பதில் எனக்குச் சந்தேகம். வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் விதிப் புத்தகம் கேட்பது அடக்கமும் கண்ணியமும்தான். விளையாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், நாடகத்தனம் மிஞ்சக் கூடாது. உடுப்பிலிருந்தோ தலையிலிருந்தோ ஏதாவது ஐஸில் விழுந்தால் சர்வதேசப் போட்டிகளில் ஒரு மதிப்பெண் போய்விடும். இதில் அக்காவுக்குத் தீராத மனத்தாங்கல். "தலைல பூ வைக்க பயப்பட வேண்டிய விளையாட்டு உலகத்துல இது ஒண்ணுதான்."

அரங்கேற்றம் பார்த்துப் பழகிய கண் அது. ஆகவே ஒரு கோடையில் சென்னைக்கே ஆர்டர் போனது. ஆரி வேலையில் கைதேர்ந்த ஒரு மாஸ்டர். வாட்ஸாப் வீடியோவில் பேச்சுவார்த்தை. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மாஸ்டர், இது ஐஸ் மேல ஆடுற டிரஸ்."

"ஐஸ் மேலயா? அப்ப உள்ள உல்லன் வெச்சிரட்டுமா மேடம்?"

"வேணாம், வேணாம். பாவாடை ஒரு சாண் நீளந்தான்."

மறுமுனையில் நீண்ட மௌனம். "மேடம், குழந்தைக்கு வீட்ல பெரியவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

அளவு எடுப்பதிலேயே சிக்கல் ஆரம்பித்தது. இந்த உடுப்புக்கு முக்கியம் மார்பும் இடுப்பும் அல்ல. தோளில் தொடங்கி, கால் இடுக்கு வழியாகப் பின்னால் ஏறி, அதே தோளுக்கு வந்து சேர்கிற சுற்றளவு. அதை விளக்க அக்கா டேப்பை என் மேலேயே சுற்ற வந்தார். நான் கார் சாவியைத் தேடினேன்.

உடுப்பு வந்தது. கண்ணைப் பறித்தது. பீட்ரூட் நிறம், கழுத்தைச் சுற்றி ஜரி மயில். ஆனால் இழுபடுகிற துணிக்கு நூலும் கூடவே இழுபட வேண்டும். அதற்கு வளைந்து வளைந்து போகிற ஜிக்ஜாக் தையல் வேண்டும். மாஸ்டர் ரவிக்கைக்குப் போடுவது போல நேர்த்தையல் ஓட்டியிருந்தார். பயிற்சியில் பாப்பா முதல் தாவலுக்குக் கையை வீசினாள். பட், பட், பட் என்று மூன்று சத்தம், விலா வரைக்கும் பிரிந்துவிட்டது. நல்ல வேளை, போட்டிக்கு முன்பே ஒரு தரம் போட்டு ஆடிப் பார்த்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் அக்காவும் கோச்சும் ஒரே கட்சி. மயில் இப்போது அவர்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவில் மூன்றாம் படிக்கு விரிப்பு.

அதன் பிறகுதான் சுதேசித் தொழில். கார் ஷெட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு (பசை நெடி மண்டையைப் பிளக்கும்) கல் ஒட்டும் படலம். உடுப்பைத் தட்டையாக விரித்துப் போட்டு ஒட்டினால், உடம்பில் ஏறித் துணி விரிந்ததும் கல்லெல்லாம் தெறித்துவிடும். ஏதாவது ஒன்றின் மேல் மாட்டி, விரிந்த நிலையில்தான் ஒட்ட வேண்டும். பொம்மை வாங்க அக்காவுக்கு மனம் வரவில்லை. இருபது பவுண்டு சோனா மசூரி அரிசி மூட்டைக்கு உடுப்பை மாட்டினார். பாப்பாவின் உடல்வாகு அப்படியே. பதினாறாம் நம்பர் கல் சுமார் நாலு மில்லிமீட்டர் அகலம். ஊசி முனையில் பசை, இடுக்கியில் கல், மூச்சைப் பிடித்து ஒரு அமுக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு உள்ளங்கை அகலம் முடிந்தால் அதிகம். பிறகு அந்த அரிசியைப் பொங்கினார்கள். அவர் வீட்டுக்காரர், "ரசத்துல ஏதோ பெயின்ட் வாசனை" என்றாராம். வேறு எதிலும் அவர் அபிப்பிராயம் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அக்காவின் லட்சியம் 11,500. 1994 லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் நான்சி கெரிகன் போட்ட உடுப்பில் அத்தனை கற்கள் என்று சொல்வார்கள். தைத்துக் கொடுத்தவர் வேரா வாங். கல்யாண கவுன்களுக்குப் பேர்போன அவரும் இளமையில் ஸ்கேட்டிங் ஆடியவர்தான்.

"அத்தனை போட்டும் கெரிகனுக்கு வெள்ளிதானே கிடைச்சுது?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"பத்தாயிரத்தோட நிறுத்தியிருந்தா வெண்கலம்ணா" என்றார் அக்கா, நிமிராமலே.

போன பிப்ரவரி போட்டிக்குப் பாப்பாவின் இசை 'கார்மென்'. ஆகவே சிவப்பு. கார்மென் என்றால் சிவப்பு, கறுப்பு. இதில் மட்டும் உலகமே அக்காவோடு ஒத்துப்போகிறது. கழுத்துப் பட்டையை மாட்ட ஒரு கொக்கி. கொக்கி என்றாலே அக்காவுக்கு 2018தான். பியாங்சாங் ஒலிம்பிக்கில் கொரியாவுக்கு ஆடிய யூரா மின்னுக்கு ஆரம்பித்த கையோடு முதுகுக் கொக்கி கழன்றது. பிடித்துக்கொண்டே ஆடி முடித்தார். சில நாள் கழித்து பிரான்ஸின் பாபடாகிஸுக்குக் கழுத்துப் பட்டை அவிழ்ந்தது. அவரும் நிற்காமல் ஆடினார், கடைசியில் வெள்ளி.

"கொக்கிய நம்பின ரெண்டு பேரையும் பாத்தாச்சு" என்று சொல்லி, பாப்பாவை நிற்க வைத்து, உடுப்பை அவள் உடம்போடு தைத்துவிட்டார். இரட்டை நூல். முடிச்சுக்கு மேல் முடிச்சு. பல்லால் நூலைக் கடித்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அம்மா" என்றாள் பாப்பா.

"என்னடி?"

"பாத்ரூம்."

அவள் முறைக்கு இன்னும் மூன்று பேர் பாக்கி. அதற்குப் பிறகு நடந்ததை நான் கதவுக்கு வெளியே நின்று காதால் கேட்டதோடு சரி. "ஆடாதடி", "கத்தரி எங்க", "வலிக்குதும்மா", "நகவெட்டியாவது குடுங்க யாராவது". வேற்று நாட்டுத் தாய்மார்கள் நாலைந்து பேர் பாஷை புரியாமலே சட்டென்று காரியத்தில் இறங்கினார்கள். ஆளுக்கொரு ஊக்கு நீட்டினார்கள். பெயர் கூப்பிடும்போது பாப்பாவின் முதுகில் ஏழு ஊக்குகள்.

ஆடினாள். நன்றாகவே ஆடினாள். ஒரு தடவை விழுந்தாள், எழுந்தாள், ஒரு ஊக்கும் கழலவில்லை. ஒன்பது பேரில் எட்டாவது. பாப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; என் பையனோடு சேர்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்னப் போய்விட்டாள்.

அக்கா படியேறி நான் இருந்த வரிசைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆறுதலுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். சோன்யா ஹெனி கடைசியாகத்தான் வந்தாள் என்று அவர் கதையையே அவருக்குத் திருப்பிச் சொல்லலாமா?

பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "அண்ணா, நீங்க மேல இருந்துதானே பாத்தீங்க. உண்மையச் சொல்லுங்க. அந்த இடது தோள்ல, மூணாவது வரிசை... இங்கேர்ந்து தெரிஞ்சுதா?"

"பளிச்சுனு தெரிஞ்சுது" என்றேன். ஆட்டம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது ஏழாவது ஊக்கை.