பொருள்: விட்டுச்சென்ற பொருள்கள்

குவீன்ஸ்டவுன்,
சிங்கப்பூர்.

பெறுநர்: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்
பொருள்: ஆளுயரம், மரப்பெட்டி, கண்ணாடி முகம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

குவீன்ஸ்டவுனில் ஒன்பதாம் மாடியில் மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். விற்பவர் வீட்டைக் காலியாகத் தர வேண்டும் என்பது விதி. எங்களுக்கு விற்ற சீனப் பெரியவர் விதிக்குக் கட்டுப்பட்டவர்தான். கட்டில், அலமாரி, வாசல் செருப்புவரை எடுத்துப் போய்விட்டார். ஹால் மூலையில் காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு இயந்திரம் ஒன்று மட்டும் நிற்கிறது. ஏஜெண்ட் மூலம் கேட்டோம். வந்த பதில் மூன்றே சொல்: "யூ கீப் லா."

மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில் இதை மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றியவர்களின் இடுப்பை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கைப்பிடியின் சிவப்புக் குமிழ் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. இரண்டு பொத்தான்களில் ஒன்று தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. சுடும் பொத்தானாகத்தான் இருக்கும். பின்பலகையைக் கழற்றினால் தூசி, ஒரு கரப்பான் குடும்பம், காசுப் பெட்டியில் மூன்று நாணயங்கள். இரண்டு, வாள்மீன் போட்ட பழைய இருபது காசு. மூன்றாவது, ஒரு காசு. எந்தப் பயலோ ஏமாற்றப் பார்த்திருக்கிறான். அந்த ஒரு காசில் என்ன பொறித்திருக்கிறது என்று உங்களுக்கே நான் சொல்வதா? அடுக்குமாடி வீடு! உங்கள் வீடு ஒரு காசுக்குள் அடங்கிய காலம் அது. எங்களுக்கு வீட்டுக்கடனை அடைத்து முடிக்க 25 ஆண்டு.

அகற்ற முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் வந்தார், ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பழைய பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு ஹாரன் அடித்தபடி போய்விட்டார். ஓர் அலுவலகத்துக்கு (எது என்று சொல்லமாட்டேன், அடுத்த மாதமும் அவர்கள் தயவு வேண்டும்) போன் செய்தேன். "மரச்சாமானா, மின்சாதனமா?" என்று கேட்டார்கள். வெளியே மரம், உள்ளே மின்சாரம் என்றேன். "காசு போட்டால் காசு வருமா?" வராது என்றேன். "அப்படியானால் சூதாட்ட இயந்திரம் இல்லை" என்று அந்தப் பெண் மகிழ்ச்சியோடு பதிந்துகொண்டார். அது என்ன இல்லை என்பது பதிவாகிவிட்டது. என்னவென்பதற்குப் படிவத்தில் இடமில்லை. தாழ்வாரத்தில் வைக்கலாமென்றால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். டேப் வைத்து அளந்தேன். இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே என் மாமியார்கூட நுழைய முடியாது.

குறை சொல்ல எழுதவில்லை. குவீன்ஸ்டவுனே உங்களுக்குக் காலியாகவா வந்தது? 1960 பிப்ரவரியில் நீங்கள் பொறுப்பேற்றபோது, முன்னிருந்த வெள்ளைக்காரர் காலத்து அமைப்பு பாதி கட்டிய நகரை அப்படியே விட்டுப்போயிற்று. கூடவே ஒரு ராணியையும். 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியதை ஒட்டி வைத்த பெயர். தங்கைக்கு ஒரு மார்கரெட் டிரைவ். சாம்ராஜ்யம் கரைந்தபின் மிஞ்சிய சங்கத்துக்கு ஒரு காமன்வெல்த் அவென்யூ. வெள்ளைக்காரன் போனான், மலேசியா வந்து, 1965-இல் அதுவும் போயிற்று, ராணி மட்டும் எம்ஆர்டி நிலையம்வரை வந்துவிட்டார். 2022 செப்டம்பரில், 96 வயதில் அவர் மறைந்தார். உங்கள் 99 ஆண்டுக் குத்தகைக்கு மூன்றே ஆண்டு குறைவு. வாரிசுகள் யாராவது வந்து பெயரை எடுத்துப்போனார்களா? நினைவூட்டல் கடிதமாவது போயிற்றா?

ஒழுங்காக எடுத்துப்போனவர்களும் உண்டு. 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து மலேசிய ரயில்வேயின் கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். இவ்வளவு பெரிய சாமானை அதன் தரப்பினரே வந்து ஓட்டிப்போனதை அதற்குப் பிறகு நான் கேள்விப்படவில்லை. தண்டவாளமும் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பாருங்கள், ரயில் நின்று போனதற்கு அடையாளமான 'ஹால்ட்' மட்டும் தங்ளின் ஹால்ட் என்ற வட்டாரப் பெயரில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் 1932-இல் குவீன்ஸ்வே பக்கம் வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரரும் ரயிலோடு போகவில்லை. 1998 முதல் காமன்வெல்த் டிரைவில் இருக்கிறார். நல்லவேளை, அவரை யாரும் மரச்சாமானா மின்சாதனமா என்று கேட்கவில்லை.

அதே தங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் 2014-இல் 31 புளோக்குகளைச் செர்ஸ் என்ற மறுமேம்பாட்டுத் திட்டத்தில் எடுத்துக்கொள்வதாக அறிவித்தீர்கள். 3,480 வீடுகள். மாற்று வீடு டாசன் பகுதியில், புத்தம்புதுக் குத்தகையோடு. அங்கே குடியிருந்தவர்கள் பழைய மேசையை விட்டார்கள், பூச்சட்டியை விட்டார்கள் என்று பேசுகிறார்களே, அவர்கள் விட்டுச்சென்ற பெரிய பொருள் வீடேதான்.

எங்கள் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. பெரியவரின் சாமிமாடத்துச் சிவப்பு விளக்கு. அதற்குத் தனிச் சுவிட்ச் கிடையாது; அணைக்க வேண்டுமென்றால் மெயினை அணைக்க வேண்டும். வந்த முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது அதன் கீழே பிள்ளையார் படம் மாட்டியிருக்கிறோம். விளக்கு அவருடையது, சாமி எங்களுடையது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் வெளிச்சத்துக்கு ஆயிற்று.

ஆகவே எங்கள் விண்ணப்பம் சிறியது. ஒப்படைப்புப் படிவத்தில் 'காலி' என்பதற்குப் பக்கத்தில் 'ஏறக்குறைய' என்றொரு கட்டம் சேர்த்துத் தாருங்கள். எங்கள் குத்தகையில் நாற்பத்துச் சொச்சம் ஆண்டுதான் மீதி. அது முடிகிற அன்று விதிப்படி வீட்டை உங்களிடமே ஒப்படைப்போம், ஹால் மூலை நீங்கலாக. யூ கீப் லா.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடிக் குடித்தனக்காரர்

பின்குறிப்பு: அதற்குள் அதிகாரி யாராவது பார்வையிட வந்தால் வாள்மீன் போட்ட இருபது காசு கொண்டுவரவும். இயந்திரம் ஓடுகிறது, புதுக் காசைத்தான் துப்பிவிடுகிறது.