சக்கரம் வைத்த லயம்

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

"லயத்துக் காம்பரா வேண்டாம்னு ஓடினவன், இப்ப சொந்த வீட்டையும் பூட்டிட்டு, காசு குடுத்து வேனுக்குள்ள படுக்கப் போறியாமே, என்னடா இது?" என்று கேட்டு அனுப்பியிருந்தீர்கள். கேள்வி நியாயமானது. ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம். ஆகஸ்டில் ஏழு நாள், ராக்கி மலைப் பக்கம், கல்கரியில் வாடகைக்கு எடுக்கும் ஆர்.வி.யில் போவதாகத் திட்டம். ஆர்.வி. என்றால் லொறி உடம்பில் வீட்டை ஏற்றி வைத்த மாதிரி ஒரு வாகனம். கேட்டால் ஆடம்பரமாக இருக்கும். டேப் வைத்து அளந்தால் உங்களுக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றுதான்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு. இந்த வண்டி 25 அடி நீளம், 8 அடி அகலம். கணக்கில் பெரிதாகத் தெரிகிறது. சாரதி ஆசனம், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, முழங்கை இடிக்காமல் திரும்ப முடியாத மலசலகூடம் இவ்வளவையும் கழித்தால் மிச்சம் இருப்பது நம் தொங்கல் காம்பராவில் பாதி. அதில் ஆறு பேர் படுக்கலாம் என்கிறது விளம்பரம். இரண்டு பேர் சாரதி தலைக்கு மேலே பரணில், இரண்டு பேர் சாப்பாட்டு மேசையை மடித்து அதன் மேலே, மிச்ச இரண்டு பேர் பின்பக்கக் கட்டிலில். பகலில் மேசை, இரவில் கட்டில் என்ற இந்த வித்தையை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி படம் போட்டு விளக்குகிறார்கள். பகலில் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்த நம் அம்மாமார் யாரும் அதற்கு உரிமை கோரவில்லை. ஆக, வசதிக்குப் பேர்போன நாட்டில் வைத்தியரும் வங்கி மனேஜரும் லயத்தை விடச் சின்ன இடத்துக்குள் ஒரு கிழமை அடைபட்டுக் கிடக்கக் காசு கொடுக்கிறார்கள். இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: இடம் சின்னது என்பதால்தான் லயத்தை வெறுத்தோம் என்று இத்தனை காலமும் சொல்லி வந்தது தப்பு.

அதற்கு முதல் சாட்சி கறுப்புத் தண்ணீர். வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டி. பாத்திரம் கழுவியதும் குளித்ததும் போவது சாம்பல் தண்ணீர்த் தொட்டிக்கு. மற்றது போவது கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு. நூறு லீற்றர் சொச்சம் பிடிக்கும். அது நிறைந்துவிட்டதா என்று காட்டச் சுவரில் ஒரு வரிசைச் சிறு விளக்கு. அந்த விளக்கு பொய் சொல்லும் என்று அனுபவஸ்தர்கள் எல்லாரும் ஒரே குரலில் எச்சரிக்கிறார்கள்; காலியாக இருக்கும்போதே முக்கால் என்று காட்டுமாம். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, தடித்த குழாயை வண்டியில் ஒரு முனையும் நிலத்துக் குழியில் மறு முனையும் பொருத்தி, முதலில் கறுப்பைத் திறந்துவிட வேண்டும், அது வடிந்த பிறகுதான் சாம்பலை. மாற்றித் திறக்கக் கூடாது. சாம்பல் பின்னால் வந்தால்தான் குழாய் கழுவப்படும். இதற்கென்று தனி மாத்திரை, சீக்கிரம் கரையும் தனிக் கடதாசி, வளைவில் தேங்கியிருப்பதைப் பார்க்கக் கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு துண்டுக் குழாய் கூட விற்கிறார்கள். ஏன் அதைப் பார்க்க ஆசைப்பட வேண்டும் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் விளக்கம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் மாமா. நம் தோட்டத்தில் இந்த வேலைக்கு வாசக்கூட்டி என்று ஒரு ஆள் இருந்தார். பங்களாத் தொரை அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை, நாமும் அவரை நம் அடுப்படிக்கு வர விட்டதில்லை. இங்கே மூன்று காருக்குச் சொந்தக்காரனும் காலையில் வரிசையில் நின்று தன் குழாயைத் தானே பிடிக்கிறான். பீலியடியில் தண்ணீருக்கு வாளியோடு நின்ற வரிசை மாதிரியேதான், வாளியில் இருப்பது மட்டும் வேறு. கஷ்டமான வேலைதான், ஆனால் அதனால் யாருக்கும் பட்டப்பெயர் விழுவதில்லை.

"அங்கே சட்டதிட்டம் இல்லை, சுதந்திரம், அதனால்தான் சுகம்" என்று தங்கச்சி மாப்பிள்ளை சொல்வார். அதுவும் சரியில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தை விட இங்கே சட்டம் அதிகம். தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் இடத்தில் ஒரு இரவு நிறுத்த வருஷ ஆரம்பத்திலேயே பதிய வேண்டும். குறித்த நாள் காலை எட்டு மணிக்கு, முன்னாலேயே வந்து காத்திருக்கும் எல்லாருக்கும் கணினி குலுக்கல் முறையில் வரிசை இலக்கம் கொடுக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் விடியற்காலை மூன்று மணிக்கே கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்து இடம் பிடித்த நம் சனத்துக்கு இது பெரிய அநியாயமாகப் படும். இரவில் அமைதி நேரம் உண்டு, ஜெனரேட்டர் போட நேரம் உண்டு, விறகை வெளியிலிருந்து கொண்டு வர வேண்டாம் என்கிறார்கள், பூச்சி பரவுமாம். வாசமுள்ள எதையும் வெளியில் வைக்கக் கூடாது. சோறு மட்டுமல்ல, பற்பசையும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கூட. மணம் பிடித்துக் கரடி வரும். மிருகங்களுக்குத் தீனி போட்டால் அபராதம் 25,000 டொலர் வரை போகலாம். நெத்தலிக் கருவாடு பொரித்தால் பக்கத்துப் பூங்காவான ஜாஸ்பர் வரைக்கும் மணக்கும் என்பதால் அத்தை அனுப்பிய பார்சலை இந்த ஏழு நாளும் திறப்பதில்லை என்று குடும்பத் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. லேக் லூயிஸில் கூடாரம் அடிப்பவர்களுக்கு ஒதுக்கிய பகுதியைச் சுற்றி மின்சார வேலி. உடவளவையில் வேலிக்கு உள்ளே யானை, ரோட்டில் மனுசன். இங்கே வேலிக்கு உள்ளே மனுசன், வெளியே கரடி சுதந்திரமாக உலாத்துகிறது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் சனம் முகம் சுளிக்காமல் தலையாட்டுவதற்குக் காரணம், காலை 11 மணிக்கு இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற கடைசிச் சட்டத்தில் இருக்கிறது. கிளம்பலாம். தோட்டத்தை விட்டுப் போக வாங்கிய பத்துச்சீட்டு மாதிரி யாரிடமும் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. லயத்தில் காம்பரா வேலையோடு ஒட்டியிருந்தது. பெயர் வெட்டினால் கூரையும் போகும். ஓடு உடைந்தாலும் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். மூன்று தலைமுறை படுத்து எழுந்த இடத்துக்கு ஒரு துண்டு உறுதி கிடையாது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகப் பிறக்கிறது. 1948இல் பிரஜாவுரிமையும் போன பிறகு, கிளம்பிப் போக நினைத்தாலும் எந்த நாட்டு ஆளாகப் போவது என்ற கேள்வி. சட்டப்படி அது தீர 2003 வரை பார்த்திருந்தோம். லயத்தில் இல்லாதது இடம் அல்ல, சக்கரம். இங்கே வாடகை கட்டுவதும் பரணுக்கு அல்ல, சக்கரத்துக்கு.

இதற்கு நீங்கள் சொல்லப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும்: "ஏழு நாளைக்கு லய வாழ்க்கையை விளையாட்டாக வாழ்ந்து பார்ப்பது, அதில் கிடந்து செத்தவர்களைக் கேலி செய்வது." பாதி உண்மை. ஆனால் இந்த மலை ரோடு யார் போட்டது என்று பார்த்தால் கேலி நின்றுவிடுகிறது. பான்ஃபிலிருந்து லேக் லூயிஸ் பக்கம் போகும் ரோட்டு வேலையில், முதலாம் உலக யுத்தக் காலத்தில், 1915 முதல் 1917 வரை காசில் மலை முகாமில் அடைத்து வைத்திருந்த உக்ரேனியரும் மற்றவர்களும் வேலை செய்திருக்கிறார்கள். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்குப் போகும் 230 கிலோமீட்டர் ரோட்டை 1931இல் பொருளாதார மந்த காலத்து நிவாரண வேலையாகத் தொடங்கி, 1940இல் திறந்தார்கள். ரயில் பாதையில், இன்னும் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம், சீனக் கூலிகள். வேட்டையாடித் திரிந்த பூர்வகுடிகளான ஸ்டோனி நகோடா மக்களைப் பூங்காவுக்குள் வரவிடாமல் வைத்திருந்த காலமும் உண்டு. மலையை உடைத்தவன் ஒருத்தன், அதில் உல்லாசம் போகிறவன் இன்னொருத்தன் என்பது இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் மட்டும் எழுதிய விதி அல்ல. நம் ஊர் மலையில் ரோடு போட்ட பரம்பரையில் வந்தவன் ஒருத்தன் அதே மாதிரி ரோட்டில் உல்லாசம் போவதில் எனக்கு வெட்கம் தெரியவில்லை, கொஞ்சம் பெருமைதான்.

காசு விஷயத்தில் மட்டும் பதில் இல்லை. இந்த வண்டி 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 லீற்றர் குடிக்கும். அதே 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டாவில் முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்குக் கொடுத்த 5 லீற்றரை இதில் ஊற்றினால் 20 கிலோமீட்டரில் நின்றுவிடும். வாடகையோடு சேர்த்தால் ஹோட்டலில் தங்குவதே மலிவோ என்று தோன்றுகிறது. இதை அத்தையிடம் சொல்லாதீர்கள். இத்தனை செலவழித்து ஓட்டிப் போனாலும் மொறெய்ன் ஏரிக்குச் சொந்த வாகனத்தை 2023 முதல் விடுவதில்லை. வீட்டை நிறுத்திவிட்டு பஸ் ஏற வேண்டும். டக்ககா அருவிக்குப் போகும் ரோடு இன்னும் விசேஷம். இரண்டு கொண்டை ஊசி வளைவு. 7 மீட்டருக்கு மேற்பட்ட வண்டி அங்கே வளைய முடியாது. அதனால் முதல் வளைவு வரை முன்பக்கமாக ஏறி, நடுத்துண்டைப் பின்பக்கமாகவே ஏறி, அடுத்த வளைவில் மறுபடி முன்பக்கமாகப் போக வேண்டும் என்பது அரசாங்கமே சொல்லும் வழி. நம் வண்டி 7.6 மீட்டர். கறுப்புத் தண்ணீர்த் தொட்டியோடு மலையில் ரிவர்ஸ் அடிப்பதை நினைத்தால், புலுத்தோட்டை மலை ரோட்டின் பத்து வளைவையும் வெற்றிலை மடித்துக்கொண்டே எடுக்கும் நம் பஸ்காரர்களுக்குக் கோயில் கட்டலாம் போலிருக்கிறது.

உயரத்தைப் பற்றியும் பெருமை பேச ஒன்றுமில்லை. ஜாஸ்பர் ரோட்டில் மிக உயர்ந்த இடம் ஏறத்தாழ 2,070 மீட்டர். நம் சிவனொளிபாதமலை 2,243. அதுவும் நம் பக்கத்தில் காலால் ஏறுவது. மார்கழிப் பௌர்ணமிக்குச் சீசன் தொடங்கும்போது ஊருக்கு வருகிறேன். பலாபத்தல வழியாக ஏறுவோம். அதற்கு யாரும் முன்கூட்டிப் பதிய வேண்டாம். அத்தையைத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டி வைக்கச் சொல்லுங்கள், காம்பராவில் சுவரோரமாக எனக்கு ஒரு பாய் போடுங்கள்.

உங்கள் அன்பு மருமகன்