விசேஷம் உங்களுக்கு, காது எங்களுக்கு

எங்கள் வீட்டின் மூத்த பங்காளியாகிய வங்கியார் சமூகத்துக்கு,

சிங்கப்பூர் போய் நல்லபடியாகத் திரும்பிவிட்டோம். போன வாரம் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்து, "இன்னைக்கு நம்ம செலவு" என்று மார்தட்டிவிட்டு உங்கள் கார்டை நீட்டினேன். மெஷின் மறுத்தது. துடைத்துவிட்டு மறுபடி நீட்டினேன். மறுபடி மறுத்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். "இருக்கட்டும் சம்பந்தி" என்று அவர் தன் கார்டைத் தட்டினார். 84 சிங்கப்பூர் வெள்ளி. மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள்.

வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டுமாம். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதி, நம் பாதுகாப்புக்குத்தான். ஆப்பில் திறக்கப் போனால் ஓடிபி, ரோமிங் போடாத என் திருச்சி சிம்மைத் தேடிப் போகிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் கிளைக்கு நேரில் வந்து, "ஏதாவது செய்யணுமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம் சார்" என்றீர்கள். கூடவே ஒரு இன்சூரன்ஸ் பாரத்தையும் நீட்டினீர்கள். அந்த அக்கறையை மறக்க முடியுமா?

மறுநாள் ரோமிங் போட்டு, கார்டு உயிர்பெற்ற பிறகுதான் உங்கள் வீட்டு விசேஷமே தொடங்கியது. நான் எதை வாங்கினாலும் உங்களுக்கு 3.5 சதவீதம் மொய். அந்த மொய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது மொய்க்கு மொய். பத்தாயிரத்துக்கு வாங்கினால் 413 ரூபாய். எங்கள் பக்கம் 501 எழுதினால் மைக்கில் பேர் சொல்வார்கள், பந்தியில் ஒரு ஜாங்கிரியாவது விழும். உங்களிடம் ஒரு குறுஞ்செய்தியோடு சரி. தினமும் உங்களுக்குக் காதுகுத்து. காது மட்டும் என்னுடையது.

ஒரு கடையில் மெஷின், ரூபாயா வெள்ளியா என்று கேட்டது. தாய்நாட்டுப் பாசத்தில் ரூபாயை அழுத்தினேன். அங்கேயே அவர்கள் ஒரு விலை போட்டு மாற்றிக்கொண்டார்கள். சரி, இதிலாவது உங்களுக்கு மொய் இல்லை என்று பார்த்தால், கடை வெளிநாட்டுக் கடை என்று அதற்கும் ஒன்று எழுதிக்கொண்டீர்கள். ஒரே சட்டைக்கு இரண்டு வீட்டு மொய்! சட்டை பிடிக்கவில்லை என்று மகள் திருப்பிக் கொடுத்தாள். சட்டை கடைக்குப் போனது. மொய் வரவில்லை. எழுதிய மொய்யைத் திருப்பிக் கேட்பது மரபில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த 3.5 சதவீத மார்க்கப் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. வெள்ளியை ரூபாயாக மாற்றும் கணக்கைப் போடுவது விசாவோ மாஸ்டர்கார்டோ. நீங்கள் இல்லை. அவர்கள் போட்ட கணக்கின்மேல் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கை நீட்டுகிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்துச் சேர்த்த காசு ஐயா இது. மார்க்கப் இல்லாத கார்டும் உங்களிடமே இருக்கிறது, அதை எனக்குச் சொல்ல உங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை!

மன்னிக்கவும். பெரியவர்களிடம் குரல் உயர்த்தக் கூடாது. வயதாகிவிட்டது, ரத்தக்கொதிப்பு வேறு.

அப்படியொரு கார்டு இருக்கிறது என்பதே கடைசி நாளில் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். "மாமா, மெஷின் கேட்டா எப்பவும் அந்த ஊர்க் காசையே அழுத்துங்க. ஏடிஎம்ல அம்பது அம்பதா எடுக்காதீங்க, எடுக்கிற ஒவ்வொரு தடவையும் தனியா பிடிப்பான்." நான் அதற்குள் நாலு தடவை எடுத்திருந்தேன். முஸ்தபா கடைப் பக்கம் நாணயம் மாற்றுகிறவர் விலையைப் பலகையில் எழுதி வாசலிலேயே வைத்திருக்கிறார். என்ன கூச்சமில்லாத தொழில்! உங்களைப் போல நாசூக்காக, ஊர் திரும்பிய பிறகு ஸ்டேட்மென்டின் மூன்றாம் பக்கத்தில் சொல்லத் தெரியவில்லை.

தைப்பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் இங்கே வருகிறார்கள். அந்த 84 வெள்ளியை எத்தனை முறை நீட்டியும் அவர் வாங்கவில்லை. எங்கள் வீட்டு மொய் நோட்டில் அவர் பேருக்கு நேரே எழுதிவைத்துவிட்டேன். உங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். நான் செய்ததெல்லாம் வலது பக்கம் வரிசையாக இருக்கிறது, பைசா சுத்தமாக. இடது பக்கம் நீங்கள் எனக்குச் செய்தது. என்ன எழுதுவது என்று ஒரு வரி தெரிவித்தால் பேனாவோடு காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்
(நீங்கள் வைத்த பேர்தான்)