ஊசிக்கணவாய் அகப்படாமை: ஹா லாங் விரிகுடாவில் ஓரிரவுப் படகுப் பயணம் குறித்து ஒரு முன்னாய்வு

இத்துறையில் இதுவரை ஆய்வே நிகழவில்லை என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் முதற்கண் பதிவு செய்கிறோம். ஆய்வேடு எழுதும் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். தமக்கு முன் யாரும் எழுதவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு, முன் எழுதியவர்களிடமிருந்து நாற்பது பக்கம் எடுத்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. வியட்நாமின் வடகிழக்கில், குவாங் நின் மாகாணத்தை ஒட்டிக் கிடக்கிற ஹா லாங் விரிகுடாவைப் பற்றி நிலவியலார் எழுதியிருக்கிறார்கள், யுனெஸ்கோ எழுதியிருக்கிறது, தேனிலவுக்குப் போன அனைவரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே இரவில் படகின் பின்தளத்தில் மூங்கில் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சுற்றுலாப் பயணிக்கு ஏன் ஒரு கணவாய்கூட அகப்படுவதில்லை என்ற வினாவை அறிவுலகம் தொட்டும் பார்க்கவில்லை.

நேரே விடைக்குப் போவது ஆய்வொழுக்கம் ஆகாது. களம், காலம், பயணியர் என்று சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

இயல் ஒன்று: களம்

விரிகுடாவின் பரப்பு 1,553 சதுர கிலோமீட்டர், தீவுகள் 1,969. யுனெஸ்கோ 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதியோ 434 சதுர கிலோமீட்டர், 775 தீவுகள். முதலில் அழகுக்காகச் சேர்த்தார்கள். 2000-இல் அதே இடத்தை நிலவியலுக்காக இன்னொரு முறை சேர்த்தார்கள். 2023-இல் பக்கத்துக் கட் பா தீவுக்கூட்டத்தையும் இணைத்துக்கொண்டார்கள். ஒரே கட்டுரையை மூன்று இதழ்களில் வெளியிட்டுப் பதவி உயர்வு பெறும் பேராசிரியர்கள் இந்த விரிகுடாவிடம் பாடம் கேட்கலாம்.

ஹோ சி மின் மறைந்த ஆண்டும் 1969 என்பதை வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வு அங்கேயே நின்றுவிடும். ஆகவே இது 'ஆழ்ந்த ஆய்வுக்குரியது' என்று எழுதி நகர்கிறோம். எண்ணிக்கையைச் சரிபார்க்க மேல்தளத்தில் நின்று தீவுகளை எண்ணும் பணி முறைப்படி தொடங்கப்பட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததால் கைவிடப்பட்டது.

இந்தத் தீவுகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பியும் பவளமும் இறுகியவை. நிலம் மேலே எழுந்தபின், கரியமில வாயு கலந்து மெல்லிய அமிலமான மழைநீர் விரிசல்வழி இறங்கிக் கல்லைக் கரைத்தது. கரையாமல் மிஞ்சியவை கோபுரங்களாக நின்றன. பனியுகம் முடிந்து கடல் ஏறியதும் இடையிலிருந்த பள்ளத்தாக்குகள் மூழ்கின. இன்றும் நீர்மட்டத்தில் அலை அரித்துக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பாறைக்கும் இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல ஒரு பள்ளம் ஓடுகிறது. இத்தனையையும் வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் முடிக்கிறார்: பகைவரைத் தடுக்க வானிலிருந்து இறங்கிய தாய் டிராகன் முத்துகளைத் துப்பியது. இரண்டு கொள்கைகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. டிராகன் கொள்கை சுருக்கமாக இருக்கிறது என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

இயல் இரண்டு: காலம்

பயணத்தின் பெயர் 'இரண்டு பகல், ஓரிரவு'. நண்பகலை ஒட்டி ஏற்றுகிறார்கள், மறுநாள் பதினொரு மணியை ஒட்டி இறக்குகிறார்கள். ஒரு முழு நாள் ஆகாத காலத்துக்குள் இரண்டு நாளை அடைத்த இந்தக் கணிதத்தை ஐன்ஸ்டைன்கூட முயன்றதில்லை. ஹனோயின் பழைய நகரத்தில் காலையில் வேன் ஏறியதிலிருந்தே முதல் நாள் ஓடத் தொடங்கிவிடுகிறது என்பது நிறுவனத் தரப்பு வாதம். வழியில் கைவினைப்பொருள் கடை ஒன்றில் 'கழிவறைக்காக' அரைமணி நேரம் நிறுத்துவார்கள். கழிவறை கடையின் கடைக்கோடியில் இருக்கும். அந்த அரைமணி எந்த நாளில் சேரும் என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை.

ஏறியதும் வரவேற்புப் பானம், பிறகு சாப்பாடு. குகை, தீவு, கயாக், மாலை மது, ஸ்பிரிங் ரோல் சுருட்டும் வகுப்பு, மறுபடி சாப்பாடு, கணவாய் பிடித்தல். விடிந்தால் மேல்தளத்தில் தாய் சி, உடனே அறையைக் காலி செய்க, மூன்றாம் சாப்பாடு, இறங்குக. படகு உருப்படியாக நகர்வது பெரும்பாலும் நாம் குனிந்து சோறு தின்னும்போது. இரவு முழுவதும் மற்றப் படகுகளோடு வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கிறது. ஓரிரவுப் பயணத்தில் இரவில் பயணம் கிடையாது என்பது இவ்வியலின் துணிபு.

மேலே விரித்துக் காட்டும் பழுப்புப் பாய்மரமும் படத்துக்குத்தான், தள்ளுவது டீசல். பழைய மரநிறத்தையும் 2012-இல் மாகாண நிர்வாகம் மாற்றிவிட்டது. படகுகளுக்கெல்லாம் வெள்ளை பூச வேண்டும் என்று ஆணை வந்தது.

ஒன்றில் மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுகம் இரவுத் தங்கலை ரத்து செய்கிறது, பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் யாகி புயல் இதே கரையில் ஏறி, கட்டிவைத்திருந்த சுற்றுலாப் படகுகளையே மூழ்கடித்தது. ரத்து என்றால் ரத்துதான், வாதாட வேண்டாம்.

இயல் மூன்று: பயணியர்

பயணியர் இருவகைப்படுவர்: பால்கனி வைத்த கேபின் எடுத்தோர், எடுத்திருக்கலாமே என்று கேட்கப்படுவோர்.

இயல் நான்கு: சேவற்பாறை அகமா புறமா

விரிகுடாவின் சின்னமாக விளங்குபவை கடலில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சிறு பாறைகள். ஒரு மரபு இவற்றைச் சண்டைச் சேவல்கள் என்கிறது. இன்னொரு மரபு சேவலும் பெட்டையும் என்கிறது. மூன்றாவது மரபு, வெயிலில் கறுத்த வழிகாட்டி ஒருவர் வாய்மொழியாகக் கிடைத்தது, முத்தமிடும் பாறைகள் என்கிறது. படகு திரும்பத் திரும்பப் பொருளும் திரும்புகிறது. வெட்சி முதல் பெருந்திணை வரை ஒரே கல்லில் காட்டிய வேறு இலக்கியம் நாமறிந்தவரை இல்லை.

திணைச் சிக்கல் இதோடு நிற்கவில்லை. மலை இருப்பதால் குறிஞ்சி, கடல் இருப்பதால் நெய்தல்; இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் திணைமயக்கம். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். அதைக் கணவாய்க்கு ஒதுக்கிவிட்டார்கள். நெய்தலுக்குரிய எற்பாடு மாலையா, விடியலா என்று உரைகாரர்கள் இன்றளவும் மல்லுக்கு நிற்கிறார்கள். படகு நிறுவனமோ மாலையில் மது, விடியலில் தாய் சி என்று இரு தரப்பையும் சமாதானப்படுத்தி, இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டது. தமிழ்த் துறைகளால் முடியாததை ஒரு சுற்றுலா மேலாளர் முடித்திருக்கிறார்.

சுங் சோட் குகையில் வழிகாட்டி ஒளிக்கோலை நீட்டி யானை என்றால் யானை, புத்தர் என்றால் புத்தர். ஒரு பாறைக்கு மட்டும் சிவப்பு விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் சொல்லாமல் வழிகாட்டி சிரிப்பார், பெரியவர்கள் தொண்டையைச் செருமுவார்கள், பிள்ளைகள் மட்டும் அது என்ன என்று உரக்கக் கேட்பார்கள். தி தோப் தீவுக்கு, 1962-இல் ஹோ சி மின்னுடன் இங்கு வந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிடோவின் பெயர். பூமியைச் சுற்றி வந்தவரின் தீவில் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்திருப்போரைக் கணக்கெடுத்தோம். நாமும் அதில் அடக்கம் என்பதால் வெளியிடவில்லை.

இயல் ஐந்து: அகப்படாமை

இனி நூலின் உயிர்நிலை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் படகின் பின்புறம் ஒரு விளக்கைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். பயணிகளிடம் மூங்கில் கோல்களைக் கொடுக்கிறார்கள். கயிற்றின் நுனியில் இறாலைப்போல் செய்த போலி இரை, அதன் அடியில் மேல்நோக்கி வளைந்த முட்கள். இரையென்று உண்மையில் ஒன்றும் இல்லை. வழிகாட்டி அருளும் மூலபாடம் ஒரே சூத்திரம்: மெல்ல ஆட்டுக, பொறுத்திருக்க. இதைச் சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விடுகிறார். மூலநூலாசிரியர் கிளம்பிய இடத்தில்தான் உரைகாரர்கள் பிறப்பார்கள்.

முதல் உரைகாரர், சாப்பாட்டு மேசையில் நமக்கு எதிரே அமர்ந்தவர், 'மெல்ல' என்பதற்கு மூச்சுக்கு ஒருமுறை எனப் பொருள் கொள்கிறார். இரண்டாம் உரைகாரர் அவருடைய மனைவி. இந்தக் கருத்தை மறுக்கிறார், அவருடைய மற்றக் கருத்துகளையும் மறுக்கிறார். மூன்றாம் உரை சிதைந்த நிலையிலேயே கிடைக்கிறது. உரைகாரர் நான்காவது பியரில் இருந்தார். 'ஆட்டுக' என்ற பாடமே பிழை, 'நாட்டுக' என்பதே சரி என்று கோலைக் கைப்பிடிக் கம்பியில் கட்டிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்கள் அசையா மரபினர் எனப்படுவர். இவர்களுக்கும் ஆட்டல் மரபினருக்கும் நிகழ்ந்த சொற்போர், கீழ்த்தளக் கேபின் ஏடு, பின்தளப் படலம், ஈரம் பட்ட மூன்றாம் பக்கம், காபிக் கறைக்கு நேர் கீழே, தலைகீழாகப் பிடித்துப் படித்தால் விளங்கும் வரியில் பேசப்படுகிறது. அந்த வரி இடைச்செருகல் என்று நம் மைத்துனர் கருதுகிறார். அவர் ஏட்டைப் பார்த்ததில்லை. ஆய்வுலகில் அது தகுதிக்குறைவு அல்ல.

அகப்படாமைக்குக் கூறப்படும் காரணங்களில் விளக்குக் கொள்கைதான் வலுவானது. வெளிச்சத்துக்கு நுண்ணுயிர்கள் வரும், அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் வரும், மீன்களைத் தின்னக் கணவாய் வரும். ஆனால் அது வெளிச்சத்துக்குள் வந்து நிற்காது. படகின் நிழல் விழும் விளிம்பில் பதுங்கி நின்று பாயும். தொழில்முறைக் கணவாய்ப் படகுகள் இதை அறிந்து விளக்குக்கும் நிழலுக்கும் இடையே தூண்டிலை இறக்குகின்றன. சுற்றுலாப் பயணியோ வட்ட வெளிச்சத்தின் நட்டநடுவில், தன் முகம் தண்ணீரில் தெரியும்படி, செல்பேசிக்குச் சிரித்துக்கொண்டு இறக்குகிறார். பெரும்பாலான கணவாய்களுக்கு நிறம் தெரியாது. கண் மட்டும் கூர்மை. ஆகவே நம் பூப்போட்ட சட்டையின் நிறத்தால் அவை மிரள்வதில்லை, நம்மைத் தெளிவாகப் பார்த்தே விலகுகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இதயங்கள் உண்டு. ஒன்றிலாவது நம்மீது இரக்கம் இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை.

ஓதக் கொள்கை இன்னும் ஆழமானது. உலகின் பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும். ஹா லாங் அடங்கிய தோங்கின் வளைகுடாவில் ஒரே முறைதான். பிரான்சிஸ் டேவன்போர்ட் என்பவர் அனுப்பிய குறிப்புகளை வைத்து, பிற்காலத்தில் வால்மீனால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி 1684-இல் ராயல் சொசைட்டி இதழில் இதை எழுதினார். 1687-இல் நியூட்டன் தம் பிரின்சிப்பியாவிலேயே இதற்கு இடம் கொடுத்து, இருவேறு கடல்வழியே வரும் இரண்டு ஓதங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதாக விளக்கினார். வளைகுடாவின் நீளமும் ஆழமும் நாளுக்கொரு ஓதத்தோடு ஒத்திசைந்து அதைப் பெருக்குகின்றன என்பது பின்வந்தோர் கூற்று. நியூட்டன் தோங்கின் பக்கமே போனதில்லை. களத்துக்குப் போகாமல் களஆய்வு எழுதும் நம் பல்கலைக்கழக மரபுக்கு இத்தனை பெரிய முன்னோர் இருப்பதை யாரும் இதுவரை சுட்டாதது வியப்பு. ஆயினும் நீர் வற்றும் இரவில் கணவாய் எங்கே போகும் என்பதை அவர் பிரின்சிப்பியாவில் எந்த இடத்திலும் சொல்லவில்லை. நூலின் பெருங்குறை இது.

கணவாயே அங்கு இல்லை என்ற கொள்கையை ஒரு கவளத்தில் மறுக்கலாம். கணவாயைக் கல்லுரலில் இடித்து, தட்டையாகத் தட்டி எண்ணெயில் பொரித்தெடுக்கும் சா முக் என்னும் பண்டம் ஹா லாங்கின் பெயரையே தாங்கி நாடெங்கும் விற்கிறது. படகின் இரவுச் சாப்பாட்டிலும் கணவாய் வந்தது, தாராளமாகவே வந்தது. சைவக்காரருக்கென்று தனியே வந்த டோஃபுவிலும் மீன்சாறு மணந்தது. ஆகக் கடலில் உண்டு, தட்டில் உண்டு, தூண்டிலில் மட்டும் இல்லை.

எனவே கருதுகோளைத் திருப்பிப் போட்டோம்: அகப்படாமை தோல்வி அன்று, அதுவே ஏற்பாடு. கோல் இலவசம், பியருக்குக் காசு. மதுக்கடை பின்தளத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அகப்பட்டுவிட்டால் பயணி படம் எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விடுவார்; அகப்படாதவரை இன்னும் ஒரு கோப்பை நிற்பார். காலையிலிருந்து அட்டவணை துரத்திய கூட்டத்துக்கு, ஒன்றுமே நடக்காத ஒரே நிகழ்ச்சியும் இதுதான். பாறைகள் இருக்கின்றன என்பதைப் பலர் அந்த இருட்டில்தான் கவனித்தார்கள். இதை முடிவுரையில் சேர்க்கலாமா என்று யோசித்தோம். புள்ளிவிவரம் இல்லாததால் நெறியாளர் நீக்கச் சொன்னார்.

இயல் ஆறு: புறத்தே நிறுத்தப்பட்ட தரவு

பயணிகள் எல்லோரும் கோலைப் போட்டுவிட்டுப் போனபின், தட்டு கழுவி முடித்த சமையலறைப் பையன் ஒருவன் வந்தான். அவிழ்ந்து கிடந்த ஒரு கோலை எடுத்து, வெளிச்சத்துக்கு வெளியே, நிழல் தொடங்கும் இடத்தில் இறக்கி இரண்டு ஆட்டு ஆட்டினான். ஊசிக்கணவாய் ஒன்று மை கக்கிக்கொண்டு தளத்தில் வந்து விழுந்தது. அந்த மை நம் குறிப்பேட்டிலும் தெறித்தது. பையன் பயணி அல்லன்; கட்டணம் செலுத்தவில்லை; நாம் வரையறுத்த மாதிரிக்குள் வரமாட்டான். தவிர, நூற்றுக்கு நூறு அகப்படாமை என்று அட்டவணையை முன்பே வரைந்தாகிவிட்டது. ஆகவே அந்தக் கணவாய் ஆய்விலிருந்து விலக்கப்பட்டது. மறுநாள் காலைக் கஞ்சியில் கிடந்த துண்டுகள் அதனுடையவைதாமா என்ற வினாவும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாம் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டோம்.